புளூபெரியிற் புதுவகை காண்டல்

புதியதொரு பழவகை கடைத்தெருவில் வந்து தோன்றும்போது, அஃது எங்கே பிறந்தது, எத்தனை ஆண்டுகள் எவருடைய கையில் வளர்ந்தது என்று நாம் வினவுவதில்லை. மாவாயினும் வாழையாயினும், முன்னோர் கண்டெடுத்துக் காத்தளித்த வகைகளையே நாம் இன்று உண்கின்றோம். அவற்றைக் கண்டார் பெயரோ பெரும்பாலும் மறைந்தொழிந்தது. வட அமெரிக்காவிற்குரிய புளூபெரி என்னும் நீலக்கனியின் கதை அத்தகையதன்று. அது காட்டுப் புதராயிருந்த நாள் தொட்டுத் தோட்டப் பயிரான நாள் வரையில் நிகழ்ந்தவை ஆண்டுக்கணக்கோடு எழுதி வைக்கப்பெற்றுள்ளன. ஒரு புதுவகை எவ்வாறு ஆக்கப்படுகின்றது, எவ்வாறு சோதிக்கப்படுகின்றது என்பவற்றை அக்கனியைக் கொண்டே ஈண்டு ஆராய்வோம்.

மண்ணின் மறைபொருள்

புளூபெரி, தாவர நூலார் வாக்சீனியம் என வழங்கும் பேரினத்தைச் சேர்ந்தது. அப்பேரினம் நமக்கு முற்றும் அயலானதன்று. நீலகிரியிலும் பழனி மலையிலுமுள்ள சோலைகளில் வாக்சீனியம் லெஷனால்ட்டி என்னும் உறவினச் செடி வளர்கின்றது. அமெரிக்கப் புளூபெரியில், ஆளுயரத்திற்கு மேலும் வளரும் உயர்புதரினமும், முழங்காலளவில் நின்றுவிடும் தாழ்புதரினமும் உள. அந்நாட்டுப் பழங்குடியினரும் பின் வந்து குடியேறினோரும் இக்கனியைக் காட்டிற் பறித்தே உண்டனர். தோட்டத்தில் வைத்தால் இச்செடி தேறாது என்பதே 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பலருடைய துணிபாயிருந்தது.

அத்துணிபைச் சோதிக்க முன்வந்தவர் அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த தாவர நூற்புலவர் பிரெடெரிக் கோவிள் என்பார். 1906-ல் தொடங்கிய தம் சோதனைகளின் முடிவை 1910-ல் அவர் நூலாக வெளியிட்டார். எருவிட்ட கொழுவிய மண்ணிலும், சுண்ணாம்பிட்டுப் பண்படுத்திய மண்ணிலும் புளூபெரி நலிந்தது. புளிப்புத்தன்மை வாய்ந்த, இலைதழை மக்கிய மண்ணிலே அது செழித்தது. மற்றைச் செடிகளுக்குள்ளவாறு இதன் வேரில் உறிஞ்சு மயிர்கள் இல்லை. நுண்ணிய பூஞ்சணம் ஒன்று வேரோடு கூடி வாழ்கின்றது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். உழவர் பலகாலம் தோல்வியுற்றமைக்குக் காரணம் கவனக்குறைவன்று. செடிக்கு ஒவ்வாத நன்மையை அவர்கள் மிகுதியாகச் செய்தமையேயாம்.

தாய் தந்தையரைத் தேடுதல்

நல்ல பிள்ளை வேண்டுமாயின் நல்ல பெற்றோர் வேண்டும். கோவிள் 1908-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்துக் கிரீன்பீல்டு என்னுமூரின் மேய்ச்சல் நிலமொன்றில், உருவத்தாலும் சுவையாலும் சிறந்த உயர்புதரொன்றைக் கண்டெடுத்தார். அதற்குப் புரூக்ஸ் என்பது பெயராயிற்று. மறு ஆண்டில் ரஸ்ஸல் என்னும் தாழ்புதரொன்றைத் தெரிந்துகொண்டார். 1911-ல் இவ்விரண்டையும் கலந்து ஒட்டுப்பிறப்பான நாற்றுக்களைப் பெற்றார்.

அதே ஆண்டில் அவருக்குச் சிறந்ததொரு துணை வாய்த்தது. நியூ ஜெர்சி மாகாணத்தில் ஒயிட்ஸ்பாக் என்னுமிடத்தில் கிரான்பெரி பயிரிட்டு வந்த குடும்பத்தைச் சேர்ந்த எலிசபெத் ஒயிட் அம்மையார், அவரது நூலைக் கற்று, சோதனைக்கு நிலம் தருவதாக எழுதினார். கிரான்பெரியும் வாக்சீனியப் பேரினத்ததே. புளிப்பு மண்ணையே விரும்புவது. ஆகவே அம்மையாரின் நிலம் இம்முயற்சிக்கு இயல்பாகவே பொருந்தியிருந்தது.

அம்மையார் மற்றொன்றும் செய்தார். அருகிலுள்ள பைன் காடுகளை நன்கறிந்தவர் அங்குக் கனி பறித்துப் பிழைக்கும் எளிய மக்களே என்பதை உணர்ந்து, அவர்களிடம் 5/8 அங்குலத் துளையிட்ட அளவுத் தகட்டைக் கொடுத்தனுப்பினார். அத்துளையிற் புகாத பெருங்கனியுடைய புதரைக் காட்டுவோர்க்குப் பணமளித்தார். புதருக்கும் கண்டவர் பெயரையே சூட்டினார். ரூப் லீக் என்பவர் காட்டிய புதர், அவர் பெயரோடு குடிப்பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து ரூபெல் எனப்பட்டது. கிரோவர், சாம், ஹார்டிங் முதலியனவும் அங்ஙனம் வந்தனவே. 1916-ல் ஒயிட்ஸ்பாக்கிலிருந்து முதன்முறையாகத் தோட்டப் புளூபெரி விற்பனைக்குச் சென்றது. கல்லூரி காணாத காட்டு மக்களின் அறிவும், கற்றுத்தேர்ந்த புலவரின் அறிவும் கூடியதனாலேயே இத்தொழில் பிறந்தது என்பது நாம் மறக்கத்தகாததாம்.

கலப்பு நிகழும் முறை

புளூபெரிப் பூ சிறு குடம்போலத் தலைகீழாய்த் தொங்குவது. அதன் மகரந்தம், பையின் நுனியிலுள்ள நுண்துளைகளின் வழியே உதிர்வது. கலப்புச் செய்வோர், தாய்ச்செடியின் பூ மலருமுன்னரே அதன் அல்லி வட்டத்தையும் மகரந்தத் தாள்களையும் பெயர்த்தெடுத்து, பிற மகரந்தம் அணுகாவண்ணம் காப்பர். சூல்முடி பக்குவமடைந்தபின், தந்தைச்செடியின் மகரந்தத்தை நகத்தின்மீதோ கண்ணாடித் தகட்டின்மீதோ உதிர்த்து, சூல்முடியிற் படுமாறு ஒற்றுவர். எத்தாய், எத்தந்தை, எந்நாள் என்னும் மூன்றையும் எழுதிச் சீட்டுக் கட்டுவர். சீட்டு அறுந்து வீழின், அக்கனி வெறுங்கனியே, ஆராய்ச்சிக்கு உதவாது.

கனி முதிர்ந்தபின் அதன் நுண்விதைகளை மக்கு மண்ணின்மேல் மூடாது தூவி முளைப்பிப்பர். இங்கே ஓர் ஐயம் எழலாம். பெற்றோர் இருவரும் சிறந்தவராயின், பிள்ளைகள் யாவும் சிறந்தனவாக வேண்டாவோ? வேண்டுவதில்லை. உயர்புதரின் உயிரணுக்களில் நான்கு தொகுதிகளாக 48 நிறக்கோல்கள் உள. அவை விதைதோறும் வெவ்வேறு வகையாய்க் கூடுதலின், ஒரே கனியின் இரு விதைகளும் ஒருதன்மையாய் இரா. பெருங்கனியுடைய நாற்று சுவையற்றிருக்கும். சுவையுடையது காய்ப்புக் குறைந்திருக்கும். ஆகவே ஆயிரக்கணக்கான நாற்றுக்களை வளர்த்தே ஒன்றைத் தெரியவேண்டும். தெரிந்த ஒன்றையும் விதையாற் பெருக்கலாகாது. குச்சி நட்டு வேர்விடச் செய்தாலன்றி அதன் குணம் மாறாது நிலைபெறாது.

சோதனை

நாற்று காய்க்கத் தொடங்க ஏறக்குறைய மூன்றாண்டு செல்லும். அதன்பின் ஒவ்வொரு செடியும் தேர்வுக்கு நிற்கும் மாணவனை ஒக்கும். அதனிடம் வினவப்படுவன இவை:

கனி பெரிதா? காம்பினின்று பிரியுமிடத்து வடு சிறிதாயும் உலர்ந்தும் உளதா? வடு கிழிந்து ஈரமாயின், அவ்வழியே பூஞ்சணம் புகுந்து கனி விரைவில் அழுகும். சதை திண்ணியதா? மென்மையானது தொலைவுப் பயணத்தில் நசுங்கும். கனியின்மேல் மெழுகுப்பொடி நன்கு படிந்துளதா? கண்கவரும் இளநீலம் அதனாலேயே அமைவது. சுவையில் இனிப்பும் புளிப்பும் ஒத்துளவா? முன்னர்ப் பழுக்குமா, பின்னரா? பனியையும் நோயையும் தாங்குமா? குச்சி எளிதில் வேர்விடுமா?

ஒரு வினாவிற் சிறந்து மற்றொன்றில் தவறுவன மிகப்பல. முதற்றேர்விலேயே நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவை களையப்படும். எஞ்சியவற்றைக் குச்சியாற் பெருக்கி, பெயர்பெற்ற பழைய வகையின் அருகே நட்டு, ஆண்டுதோறும் ஒப்பிடுவர்; பின்னர் வெவ்வேறு மாகாணங்களில் வைத்துப் பார்ப்பர். ஓராண்டின் நல்விளைவைக் கண்டு மயங்குதல் ஆராய்ச்சியாகாது. களைவதற்கு நெஞ்சுரம் வேண்டும். தான் வளர்த்த செடியைத் தானே பிடுங்கியெறிய இயலாதவன் இத்தொழிலுக்கு ஏற்றவனல்லன்.

நட்டவர் காணாத கனி

கோவிளின் ஒட்டுவகைகளாகிய பயனீர், காபட், காதரின் என்பன 1920-ல் வெளிவந்தன. இவற்றின் பிறப்பில் புரூக்ஸ் புதருக்குப் பங்குண்டு. 1928-ல் ரூபெலும் கிரோவரும் கூடிப் பிறந்த ஜெர்சி வந்தது. 1934-ல் நிகழ்ந்த ஒரு கலப்பின் ஒருபுறம் ஜெர்சியும் பயனீரும் கூடிய பிள்ளை. மறுபுறம் ஸ்டான்லியும் ஜூனும் கூடிய பிள்ளை. அக்கலப்பின் நாற்றுக்கள் முழுதும் ஆராயப்படுமுன்னரே, 1937-ல் கோவிள் காலமானார். ஜார்ஜ் டாரோ முதலியோர் சோதனையைத் தொடர்ந்தனர். 1941-ல் அவற்றுள் ஒரு செடி தெரிந்தெடுக்கப்பட்டது; 1952-ல் புளூகிராப் என்னும் பெயரோடு உழவர் கைக்கு வந்தது. பின்னர் உலகில் மிகப் பரவிய புளூபெரி வகைகளுள் அஃதொன்றாயிற்று. கலந்ததற்கும் வெளிவந்ததற்கும் இடையே 18 ஆண்டுகள் கழிந்தன.

இக்கதை அங்கு முடியவில்லை. உயர்புதருக்கு நீண்ட குளிர்காலம் வேண்டும். ஆதலின் வெப்பமான பிளாரிடாவில் அது தேறவில்லை. அங்குள்ள பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ப் ஷார்ப் என்பார், அந்நாட்டுக் காட்டில் என்றும் பசுமையாய் நிற்கும் வாக்சீனியம் டாரோவை என்னும் சிறுபுதரை உயர்புதரோடு கலந்தார். சிறுபுதருக்கு 24 நிறக்கோல்களே உண்டாதலால் இக்கலப்பு எளிதிற் பலிப்பதன்று. ஆயினும் அரிதாகச் சில சமயம், நிறக்கோல்கள் பாதியாகக் குறையாத பாலணு அதனிடம் தோன்றும். அதனால் 48 நிறக்கோலுடைய, விதைதரும் பிள்ளை பிறக்கும். இவ்வழியில் வந்த ஷார்ப்புளூ 1976-ல் வெளியாயிற்று. குளிர்நாட்டுக் கனி வெப்பநாடு நோக்கி வரலாயிற்று.

மாணவ நண்பர்காள்! சோதனைச்சாலையில் ஒரு வாரத்து முடிவு தவறின் நாம் சோர்வடைகின்றோம். குறிப்பேட்டில் நாளெழுத மறக்கின்றோம். கோவிள் கலந்த செடியை மற்றொருவர் 1941-ல் அடையாளங்காண முடிந்தது, அதன் பிறப்பு பிறழாது எழுதப்பட்டிருந்தமையாலன்றோ? தாம் உண்ணாத கனிக்காக உழைத்தோரும், அவர் விட்டதைத் தமதென ஏற்று முடித்தோரும் இவ்வரலாற்றில் ஒப்பவே மதிக்கத்தக்கவர். நமது வேலையையும், பின்வருவோன் எடுத்து நடத்தத்தக்க தெளிவோடு எழுதிவைப்போமாக.