தோற்றவருக்கும் மூன்று ஆட்டம்: உள்ளூர் பிக்கிள்பால் போட்டி நடத்துவது எப்படி?

போட்டி என்றதும் பலரும் முதலில் கோப்பைக்கும் பேனருக்கும் அலைகிறார்கள். அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு தாளை எடுத்து ஆட்ட அட்டவணையைப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை விடியலில் எழுந்து வந்தவர், ஒரே ஆட்டத்தில் தோற்றுக் கால் மணி நேரத்தில் வீடு திரும்பினால் அடுத்த முறை பெயர் கொடுக்க மாட்டார். நாக் அவுட் வைத்தால் வருபவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் நடக்கும். உள்ளூர்ப் போட்டிக்கு அந்த முறை வேண்டவே வேண்டாம்.

எட்டு ஜோடிகளும் இரண்டு கோர்ட்டுகளும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லோரும் எல்லோரோடும் மோதினால் 28 ஆட்டங்கள். ஒரு காலையில் முடியாது. நாலு நாலு ஜோடியாக இரண்டு பிரிவு பிரித்தால் பிரிவுக்கு 6, மொத்தம் 12 ஆட்டங்கள்தான். தோற்றவருக்கும் மூன்று ஆட்டம் நிச்சயம். 11 புள்ளி ஆட்டத்துக்கு 20 நிமிடம், அடுத்த ஜோடி வந்து நிற்க 5 நிமிடம் என்று கணக்கிட்டால் லீக் சுற்று இரண்டரை மணி நேரத்தில் முடியும். ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பது மணி. அரையிறுதியும் இறுதியும் சேர்ந்து பத்து மணிக்குள் அடங்கிவிடும்.

இருபது நிமிடம் தாண்டியும் ஆட்டம் இழுத்தால்? சர்வ் செய்யும் பக்கத்துக்கு மட்டுமே புள்ளி என்ற பழைய முறையில் அப்படி இழுக்கத்தான் செய்யும். நேரம் முடிந்ததும் விசில் அடியுங்கள். அப்போது ஓடிக்கொண்டிருக்கும் ரேலி முடிந்தபின் யார் முன்னால் இருக்கிறார்களோ அவர்களுக்கே வெற்றி. சமமாக இருந்தால் இன்னும் ஒரே ஒரு புள்ளி. இதைக் காலையிலேயே சொல்லிவிட்டால் சண்டை வராது.

பதினாறு ஜோடிகள் பெயர் கொடுத்தால் மனசு மகிழும், ஆனால் கணக்கு ஒத்துவராது. அதே இரண்டு கோர்ட்டில் லீக் சுற்று மட்டுமே ஐந்து மணி நேரம் பிடிக்கும். நம் ஊர் வெயிலில் பதினொன்றரை மணிக்கு யாரையும் ஆடவிடக் கூடாது. ஒன்று, இரண்டு ஞாயிறாகப் பிரியுங்கள். இல்லையென்றால் ‘இந்த முறை இடம் நிறைந்துவிட்டது’ என்று கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

புதிதாகக் கற்றவர்கள் அதிகமாக இருந்தால் நிலையான ஜோடியே தேவையில்லை. எட்டுப் பேர், ஏழு சுற்று, சுற்றுக்கு இரண்டு ஆட்டம். ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரோடும் ஒருமுறை ஜோடி சேர்வார்கள். எதிராக இருமுறை ஆடுவார்கள். அவரவர் எடுத்த புள்ளியைக் கூட்டி வெற்றியாளரைச் சொல்லலாம். ஒரே குடியிருப்பில் இருந்தும் பேசிப் பழகாதவர்கள் இதில் பழகிவிடுவதால், எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான்.

பிரிவுகளை வயதை வைத்துப் பிரிக்காதீர்கள். டென்னிஸோ பேட்மிண்டனோ ஆடிக் கை பழகிய அறுபது வயதுக்காரர், புதிதாக வந்த இருபது வயதுப் பையனை எளிதாக மடக்கிவிடுவார். எத்தனை மாதமாக ஆடுகிறீர்கள், இதற்குமுன் என்ன ஆடினீர்கள் என்ற இரண்டு கேள்விகள் போதும்.

பேட்மிண்டன் கோர்ட்டைப் பயன்படுத்துவதில் தவறில்லை. இரட்டையர் கோர்ட்டும் பிக்கிள்பால் கோர்ட்டும் ஒரே அளவு: 20 அடிக்கு 44 அடி. ஆனால் பேட்மிண்டனின் முன்கோடு நெட்டிலிருந்து ஆறரை அடியில் இருக்கும். நெட்டை ஒட்டிய நமது ‘கிச்சன்’ பகுதியின் கோடு 7 அடி. அரை அடி தள்ளி வேறு நிறத்தில் டேப் ஒட்டுங்கள். நெட்தான் தொல்லை. ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம் இருக்க வேண்டும். பேட்மிண்டன் நெட்டின் அகலமே இரண்டரை அடிதான். 36 அங்குலத்துக்கு இறக்கிக் கட்டினால் ஓரங்களில் அடியில் அரை அடி இடைவெளி விழும். பந்து அதில் நுழைந்து போகும். கையில் பணம் இருந்தால் கோப்பையைச் சிறிதாக்கிவிட்டு, எடுத்துச் செல்லும் பிக்கிள்பால் நெட் ஒன்று வாங்குங்கள். வெளியில் ஆட 40 துளைப் பந்து. ஒரே பிராண்டில், கோர்ட்டுக்கு மூன்று பந்தாவது இருக்கட்டும்.

தொடங்குமுன் எல்லோரையும் நிறுத்தி ஐந்து நிமிடம் விதி சொல்லுங்கள். கோட்டில் பட்ட பந்து உள்ளேதான்; சர்வ் மட்டும் கிச்சன் கோட்டில் பட்டால் தவறு. பந்து யார் பக்கம் விழுகிறதோ அவர்கள்தான் உள்ளே, வெளியே சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் அது எதிராளிக்குச் சாதகம். கூடவே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: தலைக்கு மேல் போகும் பந்தைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக ஓடக் கூடாது, திரும்பித்தான் ஓட வேண்டும். அப்படி மல்லாந்து விழுந்தால் மணிக்கட்டு முறியும், தலையிலும் அடிபடும். தரை ஈரமாக இருந்தால் காயும்வரை காத்திருங்கள். குடிநீர், ஓ.ஆர்.எஸ்., ஐஸ் மூன்றும் கோர்ட் ஓரத்திலேயே இருக்கட்டும்.

பேடிலில் பந்து படும் ‘டக் டக்’ சத்தம் காலையில் வெகுதூரம் கேட்கும். சங்கச் செயலாளரிடம் அனுமதி வாங்கி, ஒரு வாரம் முன்பே குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நேரத்தைப் போடுங்கள். கோர்ட்டை ஒட்டிய வீட்டுக்காரர்களிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். அவர்களில் யாராவது உடம்புக்கு முடியாமல் இருந்தால், தொடக்கத்தை ஏழரைக்குத் தள்ளி ஜோடிகளை ஆறாகக் குறையுங்கள்.

முந்தைய நாள் இரவு யாராவது ஒருவர் ‘வர முடியாது’ என்று செய்தி அனுப்புவார். பக்கத்திலேயே குடியிருக்கும் இரண்டு பேரை மாற்று ஆட்களாகப் பேசி வையுங்கள். நடத்துபவர் தன் பெயரைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். ஆடிக்கொண்டே அட்டவணையையும் விசிலையும் பார்க்க முடியாது.