நூலிற் பூத்த பனிமலர்

தமிழர் ஓராண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் முன்பனியும் பின்பனியும் பனிக்கு உரியவை. எனினும், நம் ஊர்ப் புல்நுனியில் விடியற்காலையில் நிற்கும் பனி நீர்த்துளியே ஆகும். கதிரவன் எழுந்ததும் அது மறைந்துவிடும். வடபாற் குளிர்நாடுகளிற் பொழியும் பனியோ வேறு. வானினின்று வெண்பஞ்சு உதிர்வதுபோல உதிர்ந்து, அது வீட்டுக் கூரையையும் மரக்கிளையையும் மூடிக்கொள்ளும். அப்பனியிற் செம்மையாக வளர்ந்த துகளொன்றை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே நோக்கினால், ஆறு கைகளை விரித்த வெண்மலர் ஒன்று தோன்றும். அம்மலரைப் பருத்தி நூலாற் பின்னிப் பலகணியிலும் கிறிஸ்துமஸ் மரத்திலும் தொங்கவிடுதல் அந்நாடுகளில் உள்ள குளிர்கால வழக்கங்களுள் ஒன்று. அது சிறிய கைவேலைதான். ஆயினும், அறிவியலும் கணக்கும் வரலாறும் அதனுள் அடங்கியுள்ளன.

பனித்துகளுக்கு ஆறு முனைகள் அமைந்தமைக்குக் காரணம் யாது? இவ்வினாவை எழுப்பியவர் வானநூற் பேரறிஞர் கெப்ளர். அவர் பிராகா நகரில் வாழ்ந்தபோது, ஒருநாள் பாலத்தைக் கடந்து செல்கையில் தம் மேலங்கியிற் பனித்துகள்கள் விழக் கண்டார். ஐந்தாகவோ ஏழாகவோ இராமல் அவற்றின் முனைகள் ஆறாகவே இருப்பது ஏன் என்று எண்ணலானார். அவ்வெண்ணங்களை ஒரு சிறு நூலாக எழுதித் தம்மை ஆதரித்த நண்பர்க்குப் புத்தாண்டுப் பரிசாக்கினார். அந்நூல் 1611ஆம் ஆண்டில் வெளிவந்தது. முடிந்த விடையைத் தாம் காணவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. விடை காண இயலாதபோதும் வினாவைத் தெளிவாக எழுப்புதல் அறிவுடையார் செயலாகும்.

பிற்கால அறிவியல் அவ்விடையைத் தந்தது. நீர் உறையும்பொழுது அதன் மூலக்கூறுகள் தேன்கூட்டின் அறைகளைப்போல அறுகோணங்களாக இணைகின்றன. மேகத்தில் மிதக்கும் நுண்தூசியின்மேல் இங்ஙனம் தோன்றும் சிறு பனிப்படிகம், சுற்றியுள்ள நீராவியைக் கவர்ந்து ஆறு மூலைகளிலும் வளர்கின்றது. ஏறத்தாழச் சுழியத்திற்குக் கீழ் 15 செல்சியசுக் குளிரில் கிளைத்த விண்மீன் வடிவங்கள் தோன்றும். ஒரு படிகத்தின் ஆறு கைகளும் ஒரே காற்றின் வழியே ஒருங்கு செல்வதால் பெரும்பாலும் ஒத்து வளர்கின்றன. வேறு படிகமோ வேறு வழியே வருகின்றது. ஆகலின் அதன் வடிவமும் வேறாகின்றது.

இவ்வேறுபாட்டினை உலகிற்குக் காட்டியவர் ஓர் உழவர். அமெரிக்க நாட்டு வெர்மாண்ட் மாநிலத்தில், ஜெரிக்கோ என்னும் சிற்றூரில், 1865ஆம் ஆண்டில் வில்சன் பென்ட்லி பிறந்தார். அன்னையார் கொடுத்த உருப்பெருக்கிக் கண்ணாடியே இளமையில் அவருடைய பெருஞ்செல்வமாயிற்று. பனித்துகளைக் கண்டு வரைய முயன்றார். வரைந்து முடிக்குமுன் அஃது உருகிற்று. பின்னர் அக்கண்ணாடியோடு ஒளிப்படக் கருவியை இணைத்து, 1885ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள் ஒரு தனிப் பனிப்படிகத்தைப் படம்பிடித்தார். குளிர் நிறைந்த கொட்டகையில் நின்று, கரும்பலகையிற் பனியை ஏந்தி, தம் மூச்சின் வெம்மையும் அதன்மேற் படாதவாறு அடக்கிக்கொண்டு அவர் உழைத்தார். இவ்வாறு ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். அவற்றுள் ஏறக்குறைய இரண்டாயிரத்து நானூறு படங்கள் அடங்கிய பெருநூல் 1931ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே அவர் மறைந்தார். பனிமலர் பின்னுவார் அந்நூலைப் புரட்டுவாராயின், அவர்க்கு வடிவப் பஞ்சம் என்பதே இராது.

இனி, பின்னற்கலையைப் பற்றிச் சிறிது காண்போம். நுனியில் வளைவுடைய ஒற்றை ஊசியால் நூலை இழுத்துக் கண்ணி கண்ணியாகப் பின்னும் வேலையைக் குரோஷா என்பர். சிறு கொக்கி எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லினின்று இப்பெயர் வந்தது. இது செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு என்று சிலர் எண்ணுவர். அவ்வெண்ணம் தவறு என்பதை அயர்லாந்து நாட்டு வரலாறு காட்டும்.

அந்நாட்டு ஏழைமக்கள் உருளைக்கிழங்கையே பேருணவாகக் கொண்டிருந்தனர். 1845ஆம் ஆண்டில் அப்பயிரைக் கருகல் நோய் தாக்கிற்று. நோய் பல்லாண்டு தொடரப் பெரும்பஞ்சம் மூண்டது. ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதனினும் குறையாத தொகையினர் தாய்நாட்டை விட்டுக் கப்பலேறினர். அக்கொடிய நாளில் கன்னியர் மடங்களும் அருளுள்ளம் படைத்த சிலரும் ஏழைப் பெண்களுக்குக் குரோஷா வேலையைக் கற்பித்தனர். குளோன்ஸ் என்னும் ஊரில், அவ்வூர்த் திருச்சபைக் குருவின் மனைவியாராகிய காசாண்டிரா ஹேண்டு அம்மையார் 1847ஆம் ஆண்டில் இவ்வேலையைத் தொடங்கி வைத்தார். தையலூசியால் நெடுங்காலம் முயன்று செய்யும் வெனிசு நகரத்துப் பூவேலையைப் போன்றதோர் அழகினைக் கொக்கி ஊசி விரைவில் தந்தது. அவ்வேலை செல்வர் ஆடைகளை அணிசெய்தது. அதற்குக் கிடைத்த கூலி வறியவர் வீட்டில் உலையேற்றியது. ஒரு சிற்றூசியைப் பற்றிக்கொண்டு பல குடும்பங்கள் பஞ்சத்தினின்று கரையேறின. கைத்தொழிலை எளிதென இகழ்வார் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பனிமலரைப் பின்னும் முறை பின்வருமாறு: வெண்ணிறப் பருத்தி நூலும் அதற்கேற்ற மெல்லிய கொக்கி ஊசியும் கொள்க. முதலில் ஆறு சங்கிலிக் கண்ணிகள் பின்னி, கடைசிக் கண்ணியை முதற் கண்ணியோடு இணைத்தால் ஒரு வளையம் கிடைக்கும். அவ்வளையத்தினுள் ஊசியைச் செலுத்திப் பன்னிரண்டு ஒற்றைப் பின்னல்கள் இட்டுச் சுற்றினை இணைக்க. இரண்டாம் சுற்றில், முதற் பின்னலின்மேல் ஓர் ஒற்றைப் பின்னல் இட்டு, ஐந்து சங்கிலிக் கண்ணிகள் பின்னி, அடுத்த பின்னலை விட்டு அதற்கடுத்ததில் மீண்டும் ஒற்றைப் பின்னல் இடுக. இவ்வாறு ஒன்றுவிட்டு ஒன்றாகச் சென்று தொடங்கிய இடத்தில் இணைத்தால் ஆறு வளைவுகள் அமையும். மூன்றாம் சுற்றில், ஒவ்வொரு வளைவினுள்ளும் மூன்று ஒற்றைப் பின்னல்கள் இடுக. பின் ஐந்து சங்கிலிக் கண்ணிகள் பின்னி அவற்றின் அடியிலேயே இணைத்து ஒரு கூர்முனை ஆக்குக. மீண்டும் மூன்று பின்னல்கள் இடுக. ஆறு வளைவிலும் இங்ஙனம் செய்தபின் நூலை அறுத்து, அதன் நுனியைப் பின்புறத்தில் மறைத்துவிடுக.

இப்பொழுது மலர் துவண்டிருக்கும். அதனை நிமிர்த்தற்குக் கணக்கு உதவும். ஒரு தாளில் வட்டம் வரைந்து, கவராயத்தின் அகலத்தை மாற்றாமல் அவ்வட்டத்தின்மேல் அடியிட்டுச் சென்றால் சரியாக ஆறு புள்ளிகள் விழும். அத்தாளைப் பலகைமேல் விரித்து, மெழுகுத்தாளால் மூடுக. பின்னலைக் கெட்டியான கஞ்சியில் தோய்த்துப் பிழிந்து, ஆறு முனைகளையும் அவ்வாறு புள்ளிகளிற் குண்டூசியாற் குத்தி உலரவிடுக. உலர்ந்தபின் மலர் விறைத்து நிற்கும். நூல் கோத்துத் தொங்கவிடலாம்.

இவ்வேலையிற் கருத்தூன்றி எண்ணுதல் இன்றியமையாதது. முதற் சுற்றிற் பன்னிரண்டு பதினொன்றாயின், இரண்டாம் சுற்றின் இறுதியில் வளைவுகள் ஒத்துவாரா. அப்பிழையை இழுத்துப் பிடித்து மறைக்க முயல்வார் கோணல் மலரையே பெறுவர். நேர்மையான வழி ஒன்றே: ஊசியை எடுத்துவிட்டு, நூலைப் பிழை நேர்ந்த இடம்வரை பிரித்தல். கொக்கிப் பின்னலில் ஊசிமேல் நிற்பது பெரும்பாலும் ஒற்றைக் கண்ணியே. ஆதலின், அது எளிதிற் பிரியும். பிரித்த நூலும் கெடாது. செய்ததைப் பிரிக்க நாணுதல் வேண்டா. தவற்றினை உணர்ந்து, அது தொடங்கிய இடத்திற்கே திரும்பிச் சென்று திருத்துதல், பின்னலுக்கு மட்டுமன்றிக் கல்விக்கும் வாழ்க்கைக்கும் ஏற்ற நெறியாகும்.