வில்லையை மையப்படுத்தும் முறை

நிலாவெளிக் கடற்கரையில் நின்று இருகண் தொலைநோக்கியால் புறாமலைத் தீவை நோக்குகின்றவர், பாறையின் விளிம்பிலே நிறக்கீற்றுப் படர்ந்திருக்கக் கண்டால், கடற்காற்றையோ தம் கண்ணையோ நொந்துகொள்வது வழக்கம். ஆயினும் அக்குற்றம் பல சமயங்களில், வில்லையின் தலைமையச்சு அதன் வட்டவிளிம்பின் நடுவே செல்லாமல் விலகிப் போனதன் விளைவேயாகும். பட்டறையிலே பார்த்துக்கொள்ளலாமென்று விட்டுவிடாமல், வில்லையைக் காகிதத்தில் வரையும்போதே இதற்கு வழிதேட வேண்டுமென்பது என் திடமான அபிப்பிராயம்; உயர்தரப் பௌதிகம் கற்கும் மாணவரும் செய்யத்தக்க அம்முறை பின்வருமாறு.

முதற்படி: வளைவு மையங்களைக் குறியுங்கள். இரு முகங்களும் இரு கோளங்களின் பகுதிகளாதலின், அக்கோளங்களின் மையங்களை இணைக்கும் நேர்கோடே தலைமையச்சு. 40, 50 மில்லிமீற்றர் வளைவாரைகளும் 5 மில்லிமீற்றர் தடிப்பும் உடைய இருகுவிவு வில்லையில் அம்மையங்கள் 85 மில்லிமீற்றர் அகன்றிருக்கும். குவிமுகத்துக்கு 40, குழிமுகத்துக்கு 50 என அதே ஆரைகளைப் பிறைவடிவில் அமைத்தாலோ அத்தூரம் 15 மில்லிமீற்றராகச் சுருங்கும். நெருங்கிய இரு புள்ளிகளைக்கொண்டு நீண்ட கோடு வரைபவனுக்குள்ள சங்கடமே பிறைவில்லையை மையப்படுத்துபவனுக்கும் உண்டு.

இரண்டாம் படி: எண்ணைக் கணியுங்கள். ஒரே அச்சிற் சுழலும் இரு வெற்றுருளைகளின் விளிம்புகளுக்கிடையே வில்லையை அழுத்தினால், அது வழுக்கித் தன் நடுநிலையைத் தானே அடையும். உராய்வு மிகுமாயின் இடையிலேயே நின்றுவிடும். ஆகவே, அவ்வழுக்கல் உராய்வை வெல்லுமா என்று காட்டும் எண்ணைப் பெற, உருளைவிளிம்பின் விட்டத்தை அம்முகத்தின் வளைவாரையின் நான்மடங்கால் வகுத்து, இரு முகங்களுக்கும் கிடைத்த ஈவுகளை, இரண்டும் குவிந்தோ குழிந்தோ இருப்பின் கூட்டியும், பிறையாயின் கழித்தும் கொள்ளுங்கள். விட்டம் 20 மில்லிமீற்றராயின், முன்கூறிய இருகுவிவு வில்லைக்கு 0.125உம் 0.1உம் சேர்ந்து 0.225 வரும், பிறைக்கு 0.025 மாத்திரமே எஞ்சும்.

மூன்றாம் படி: தீர்மானியுங்கள். அவ்வெண் 0.15க்கு மேலாயின் வில்லை எளிதில் நடுப்படும், 0.1க்குக் கீழாயின் அம்முறையை நம்புதல் ஆகாது. அப்போது வளைவுகளை மாற்ற இயலுமா, உருளையின் விட்டத்தைப் பெருப்பிக்க இயலுமா என்று ஆராயுங்கள். உருளைவிளிம்பை மெருகிட்டு எண்ணெய் பூசுதலும் உராய்வைத் தணிக்கும்.

நான்காம் படி: வேறு வழியில்லாத வில்லைக்குப் பிரதிபிம்பத்தைத் துணைக்கொள்ளுங்கள். சுழலும் உருளையின் செவ்வையான விளிம்பில் வில்லையை இளஞ்சூடான கீலினால் ஒட்டி, வெளிமுகத்தில் தோன்றும் விளக்கின் பிரதிபிம்பத்தை உற்றுநோக்கி, அது வட்டமிடாமல் அசைவற்று நிற்கும்வரை, கீல் இறுகுமுன் வில்லையை மெல்லத் தள்ளிச் சரிசெய்தல் வேண்டும். உருளையிற் பொருந்திய முகம் தானாகவே அச்சில் அமைந்திருத்தலின், இவ்வொரு முகத்தைக் கவனித்தாற் போதும். அதன்பின் வைரச்சில்லால் விளிம்பை அறுத்து வட்டமாக்குங்கள்; இதன்பொருட்டு ஆரம்பத்திலேயே வில்லையின் விட்டத்தைச் சற்று மிகுதியாக விட்டிருத்தல் அவசியம்.

எல்லா வில்லைகளுக்கும் ஒரே கண்டிப்பு வேண்டுவதில்லை. 1893இல் டென்னிஸ் டெய்லர் வகுத்த மூவில்லைக் கமராத் தொகுதியில் நடுவிலுள்ள குழிவு வில்லை சிறிது பிசகினாலும் படம் கெடும். எனவே பொறுக்கத்தக்க விலகல் எவ்வளவென்பதையும், நீங்கள் கணித்த எண்ணையும் வரைபடத்தின் ஓரத்தில் எழுதியே பட்டறைக்கு அனுப்புங்கள். எம்முறையைக் கைக்கொள்வதென்று தொழிலாளி கண்ணாடியைத் தொடுமுன்னரே தெளிந்துகொள்வார்.