ஊருக்கு ஒரு விளையாட்டுத் திடல்

குடிநீர், தெருவிளக்கு, சாலை, துப்புரவு ஆகியவையே ஊராட்சியும் நகராட்சியும் ஆற்ற வேண்டிய பணிகள் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். விளையாட்டுத் திடலும் அப்பட்டியலில் உண்டு. 1992-ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளை வகுத்தது. பூங்காவும் விளையாட்டுத் திடலும் அமைப்பது அவற்றுள் ஒன்று. நமது மாநிலத்தில் 2006-இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்திலும் நூலகத்தோடு விளையாட்டு மையம் இடம்பெற்றது.

திடலால் ஊருக்கு என்ன பயன்?

முதலாவது, உடல்நலம். சிறுவர் சிறுமியர் நாள்தோறும் 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இரண்டாவது, பாதுகாப்பு. திடல் இல்லாத ஊரில் பஸ்ஸும் லாரியும் ஓடும் சாலையே திடலாகிவிடுகிறது. மூன்றாவது, ஒற்றுமை. கபடி ஆடும்போது, "நீ எந்தத் தெரு?" என்று யார் கேட்கிறார்கள்?

இதற்குப் பெருஞ்செலவும் வேண்டுவதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947 முதல் சுமார் 30 ஆண்டுகளில், ஆம்ஸ்டர்டாம் நகராட்சி 700-க்கும் மேற்பட்ட சிறு திடல்களை அமைத்தது. ஆல்டோ வான் ஐக் என்னும் கட்டடக் கலைஞர் அவற்றை வடிவமைத்தார். வெற்று மனைகளில் மணற்குழியும் இரும்புக் கம்பிகளுமே போதுமானவையாக இருந்தன!

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலையில், குன்றின்மேல் கோயில் கொண்டுள்ள பெருமாளைக் காணப் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருங்கூட்டம் வருகிறது. வருவோருக்கு வழியும் தண்ணீரும் வேண்டும். ஆண்டு முழுவதும் அங்கே வாழும் குழந்தைகளுக்கு ஆட இடமும் வேண்டுமல்லவா?

இங்கே மாணவியராகிய நாங்கள் ஒன்று சொல்ல விரும்புகிறோம். பாண்டியும் கிளித்தட்டும் ஆடிய எங்களில் பலருக்குப் பன்னிரண்டு வயதோடு ஆட்டம் நின்றுவிட்டது. பையன்களுக்குக் கண்மாய்க் கரையும் பொட்டலும் இருக்கின்றன. எங்களை அங்கே அனுப்பப் பெற்றோர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் நியாயமானதே. வீட்டுக்கு அருகில், விளக்கும் கழிப்பறையும் உள்ள திடல் இருந்தால் அவ்வச்சம் குறையும். ஆகவே திடல் என்பது வெறும் நிலமன்று. அது எங்களுக்கு வெளியே வரக் கிடைக்கும் அனுமதி.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. எங்களுக்கு இன்னும் வாக்குரிமை இல்லை. அன்பார்ந்த பெற்றோர்களே, அடுத்த கூட்டத்தில் சாலைக்கும் தண்ணீருக்கும் கேட்கும்போது, எங்களுக்காக ஒரு திடலையும் கேட்பீர்களாக!