விரலுக்கேற்ற விசைப்பலகை

ஓலையில் எழுதிய காலத்தில் எழுதுவோர் தம் இடக்கைப் பெருவிரல் நகத்தை வளர்த்து, அதில் ஒரு சிறு பள்ளம் செய்து, எழுத்தாணியை அப்பள்ளத்தில் தாங்கி எழுத்துக்களைக் கீறுவர். கருவிக்கு ஏற்ப உடலைத் திருத்திக்கொண்ட செயல் அது. மண்வெட்டிக்குக் காம்பு இடும் உழவரோ இதற்கு மாறாகச் செய்வர். தம் உயரத்துக்கும் கைப்பிடிக்கும் ஏற்ற காம்பையே தேர்ந்தெடுப்பர். குட்டைக் காம்பு மாலைக்குள் முதுகை ஒடித்துவிடும் என்பதை அவர்கள் நன்கறிவர். எழுதுகருவியின்பால் இவ்வறிவு மக்களுக்கு நெடுங்காலம் வாராதது வியப்பே.

கருங்கல் என்னும் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில், தேங்காய்ப்பட்டணக் கடற்கரைக்கு அண்மையில், தென்னையும் வாழையும் செறிந்த நிலப்பகுதியில் உள்ளது. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சார்ந்திருந்த அப்பகுதி, 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டமும் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. அலுவலகங்களில் தமிழ் வழங்க வேண்டுமாயின் தமிழ்த் தட்டச்சுப் பொறி வேண்டும். அதனை இயக்கப் பயின்ற கைகளும் வேண்டும். இதனால் தட்டச்சுப் பயிற்சி, சிற்றூர் இளைஞர்க்கும் வேலைக்கு வழிகாட்டும் ஒரு கல்வியாயிற்று.

அப்பொறியைத் தமிழுக்கு ஆக்கித் தந்தவர் ஆர். முத்தையா என்பவர். யாழ்ப்பாணத்தை அடுத்த சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்து, மலாயா சென்று பணியாற்றியவர். தமிழ் எழுத்துக்களோ 247. பொறியில் அமையக்கூடிய விசைகளோ ஐம்பதுக்கும் குறைவு. எழுத்துக்களை உறுப்பு உறுப்பாகப் பகுத்தும், சில விசைகளை நகரா விசைகளாக அமைத்தும் அவர் இச்சிக்கலைத் தீர்த்தார். நகரா விசையை அழுத்தினால் குறி தாளில் பதியும். ஆயினும் தாளைத் தாங்கும் உருளை நகராது. ஆதலின் புள்ளியை முன்னர் அடித்து, அதன்கீழ் மெய்யைப் பின்னர் அடிப்பர். எழுதும் வரிசையைத் தலைகீழாக்கிய இம்முறை, பழகியவர்க்கு இயல்பாகவே தோன்றிற்று. அவர் வகுத்த பொறி செருமனியில் செய்யப்பட்டுத் தமிழ் வழங்கும் நாடுகளிலெல்லாம் பரவியது.

அப்பொறியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இரும்புக் கரம் எழுந்து தாளில் அறைய வேண்டும். அதற்கு வேண்டிய விசை முழுவதும் விரலிலிருந்தே வரும். சிறுவிரல் அடித்த எழுத்து மங்கியும் சுட்டுவிரல் அடித்தது அழுந்தியும் இருப்பதைப் பழைய தாள்களில் காணலாம். கணினி வந்தபின் இரும்புக் கரங்கள் மறைந்தன. ஆயினும் அமெரிக்கராகிய ஷோல்ஸ் வகுத்து, 1874-இல் விற்பனைக்கு வந்த பொறியின் விசை வரிசை ஏறத்தாழ அப்படியே நிலைத்துவிட்டது. நேர்க்கோட்டு வரிசைகளும், அவற்றின் சாய்வும் அக்கரங்களின் பொருட்டு அமைந்தவை. கரங்கள் போயின, சாய்வு போகவில்லை!

இதனால் விளையும் துன்பம் யாது? தோள்கள் அகன்றிருக்கின்றன, பலகையோ குறுகியது. கைகள் உள்நோக்கி வந்து, மணிக்கட்டில் வெளிப்புறமாக மடிய வேண்டியுள்ளது. மணிக்கட்டினுள் எலும்பும் தசைநாரும் சூழ்ந்த குறுகிய வழி ஒன்று உண்டு. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதன் வழியே செல்கின்றன. கை மேல்நோக்கி வளைந்த நிலையில் நெடுநேரம் இருப்பின் அங்கு அழுத்தம் மிகும். அந்நரம்பு அழுந்தினால் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போகும். இரவில் அது மிகுந்து தோன்றும். அந்நிலையில் நாடவேண்டியது மருத்துவரையேயன்றிக் கடையை அன்று. செருமானியரான கிளாக்கன்பெர்க் என்பார் பலகையை இரண்டாகப் பிளந்து கைகளின் போக்கிற்கேற்பச் சாய்க்கலாம் என 1926-இலேயே கூறினார். 1972-இல் குரோமர் என்னும் அறிஞர் இதனை ஆய்ந்து வெளியிட்டார். இன்று விற்பனையிலுள்ள பிளவுப் பலகைகள் அக்கருத்தின் வழிவந்தவையே.

இனி, இயந்திர விசைப்பலகை என்பது யாது என அறிதல் வேண்டும். மலிவான பலகையில் விசைகளுக்கடியில் ரப்பர்க் குமிழ்கள் உள்ளன; குமிழ் முற்றும் அமுங்கினாலன்றி எழுத்துத் தோன்றாது. இயந்திரப் பலகையிலோ ஒவ்வொரு விசைக்கும் தனித்தனிச் சுருள்வில் உண்டு. விசை ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் இறங்கும். பாதி வழியிலேயே எழுத்துப் பதிந்துவிடும். ஆதலின் அடிவரை அறைய வேண்டுவதில்லை. செருமனியின் செர்ரி நிறுவனம் தன் விசைகளை நிறத்தால் வேறுபடுத்திற்று. சிவப்பு, தடையின்றி இறங்குவது. பழுப்பு, எழுத்துப் பதியுமிடத்தில் சிறு தடையை விரலுக்கு உணர்த்துவது. நீலம், தடையோடு ஒலியும் எழுப்புவது. சிவப்பும் பழுப்பும் ஏறத்தாழ 45 கிராம் எடையளவு அழுத்தத்தில் இயங்கும். கருநிறத்திற்கு 60 வேண்டும். தட்டச்சுப் பொறியில் பயின்று அழுத்தி அடித்துப் பழகியவர் பழுப்பை விரும்புதல் கூடும். நீலத்தின் ஓசை தனியறைக்கு இன்பம். பலர் இருக்கும் அலுவலகத்திற்குத் தொல்லை.

விசை எத்துணை மென்மையாயினும் மேசை உயரமாயின் பயனில்லை. முழங்கை ஏறத்தாழச் செங்கோணமாக மடிந்து, முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் இருத்தல் வேண்டும். பலகையின் பின்புறக் கால்களை நிமிர்த்தி வைத்தல் பலருடைய வழக்கம். அது மணிக்கட்டை மேல்நோக்கி வளைக்குமாதலால் மடக்கி வைப்பதே நன்று. பொருள் குறைந்தவர் பலகையை மாற்றுமுன் நாற்காலியின் உயரத்தைச் சீர்செய்து பார்க்கலாம். அதற்குச் செலவு பெரும்பாலும் ஒரு மணைப்பலகையே.

தமிழ் எழுதுவோர் கருதவேண்டியது இன்னும் ஒன்று உண்டு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாகத் 'தமிழ் 99' என்னும் விசை அமைப்பைத் தமிழ்நாட்டு அரசு ஏற்றது. உயிரெழுத்துக்கள் இடக்கையிலும், மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்தன. அ, இ, உ, எ ஆகியவை நடுவரிசையிலும், அவற்றின் நெடில்கள் நேர்மேலேயும் உள்ளன. ஒரே மெய் இரட்டித்தாலும், மெல்லினத்தை அடுத்து அதன் இனவெழுத்து வந்தாலும் புள்ளி தானே அமையும். 'கருங்கல்' என எழுத ஏழு அழுத்தங்கள் போதும். ஈற்றிலுள்ள லகரத்திற்கு மட்டுமே புள்ளி தனியே வேண்டும்.

ஆயினும் இவ்வமைப்பில் வலக்கைச் சிறுவிரலின் சுமை மிகுதி. ந, ய, ண, ச, ஞ, ழ ஆகிய ஆறும் அதன் பங்கு. ஆங்கிலத்தில் அவ்விடங்களிற் பெரும்பாலானவை நிறுத்தக்குறிகளுக்கும் அடைப்புக்குறிகளுக்கும் உரியவை. அவற்றை அங்கே அரிதாகவே தொடுவர். அதனால் அயல்நாட்டிற் செய்யப்படும் சிறு பிளவுப் பலகைகள் சிலவற்றில் அவ்விசைகளைக் குறைத்துவிடுகின்றனர். ஆங்கிலம் எழுதுவோர் அதனால் இழப்பது சிறிது. தமிழ் எழுதுவோரோ சகரத்தையும் ஞகரத்தையும் இழப்பர். அல்லது அவற்றிற்காக ஒவ்வொரு முறையும் வேறொரு விசையைச் சேர்த்து அழுத்துவர். எனவே அத்தகைய பலகையை வாங்குவோர், கடையிலேயே அதனைக் கணினியில் பூட்டி, 'மஞ்சள்', 'வாழை', 'ஞாயிறு' என்னும் மூன்று சொற்களை அடித்துப் பார்த்தல் தகும். சிறுவிரல் எட்டாமல் கை முழுவதும் நகருமாயின், அப்பலகை பிறர்க்கு நல்லதாயினும் அக்கைக்கு உரியதன்று.