பக்கத்துக்கு ஐந்து கிலோ

ராரா ஏரிக்கு ஆட்டின் முதுகில் சுமை ஏற்றிப் போக நினைக்கிறீர்களா? எடை போட்டு முடித்த பையை அதன்பிறகு யாரையும் தொட விடாதீர்கள்.

நேபாளத்தின் ஆகப் பெரிய ஏரி ராரா, 2,990 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காட்மாண்டு, நேபாள்கஞ்ச், அங்கிருந்து சிறு விமானத்தில் ஜும்லா. அதுவரை ஒரு சிரமமும் இல்லை. அதன்பின் மலையேறி நடக்க வேண்டும். பயிற்சிக்கு 163 மீட்டர் புக்கிட் தீமா போதாது. பாசிர் ரிஸில் நம் புளோக் மாடிப்படியிலேயே 10 கிலோ அரிசி மூட்டையோடு ஏறி இறங்குங்கள். டிசம்பர் பள்ளி விடுமுறை வேண்டாம், வழியிலுள்ள கணவாயில் பனி கிடக்கலாம். தீபாவளிக்கு ஊருக்குப் போக வைத்திருக்கும் லீவை இதற்கு எடுங்கள்.

நாங்கள் ஆட்டோடு போனதைச் சொன்னால், கோவேறு கழுதை கிடைக்கவில்லையா என்று இன்றும் கேட்கிறார்கள். கர்ணாலி மலைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வெள்ளாடு, செம்மறி முதுகில்தான் வடக்கே தானியம் அனுப்பித் திபெத்து உப்பைக் கொண்டுவந்தார்கள். இந்திய உப்பும் சாலையும் வந்தபின் அந்தத் தொழில் ஒடுங்கிவிட்டது. ஆடு வழியிலேயே மேய்ந்துகொள்ளும், தீவனம் சுமக்க வேண்டாம். மந்தையோடு திரும்பிக்கொண்டிருந்த மேய்ப்பர் ஒருவர் எங்கள் சாமான்களை ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தார். மறுபடி போனாலும் ஆட்டோடுதான் போவேன்.

வளர்ந்து பழகிய ஆடு தன் எடையில் கால் பங்கு சுமக்கும். 40 கிலோ ஆட்டுக்கு 10 கிலோ, பக்கத்துக்கு ஐந்து. இரு பக்கமும் ஒத்து நிற்காவிட்டால் பை சரியும். தேக்காவில் வாங்கிய கைத்தராசில் ஒவ்வொரு பையையும் நானே நிறுத்துக் கொடுத்தேன். மறுநாள் காலை, நான் முகம் கழுவப் போன நேரத்தில், குழுவில் ஒருவர் பவர் பேங்குகளையும் ஒரு டின் முறுக்கையும் கறுப்புக் கிடாவின் வலப்பக்கப் பையில் திணித்துவிட்டார். பிறகு கேட்டதற்கு, "ரெண்டு கிலோதானேண்ணே" என்றார்.

குர்ச்சி லக்னா கணவாய் ஏற்றத்தில் பை சரிந்து, மார்புக் கயிறு முன்னங்கால் இடுக்கை அறுத்தது. கிடா படுத்துவிட்டது. வலியில் படுத்த ஆட்டை அடித்து எழுப்பக் கூடாது. மேய்ப்பர் ஒரு வார்த்தை பேசாமல் கயிற்றை அவிழ்த்து, புண்ணில் கடுகெண்ணெய் தடவினார். அதற்குள் மந்தை சரிவெங்கும் கலைந்து போயிற்று. எல்லாவற்றையும் திரட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. ஏரிக்கரையில் இரண்டு இரவு தங்கும் திட்டம் ஒரே இரவாகச் சுருங்கியது. அந்த ஒரு இரவுக்காகத்தான் அத்தனை தூரம் போயிருந்தோம். கிடா வெறும் முதுகோடு நடந்தது. அதன் சுமையை மேய்ப்பரும் நானும் பங்கிட்டுத் தூக்கினோம். திணித்தவர் கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டார்.

ஆகவே கோணி ஊசியும் சணல் கயிறும் கொண்டுபோங்கள். எடை போட்டதும் பையின் வாயைத் தைத்துவிடுங்கள். வழியில் தேவைப்படுவது உங்கள் தோளில் இருக்கட்டும். வீணான நாளுக்கான மேய்ப்பர் கூலியைத் திணித்தவரே தர வேண்டும் என்றேன். சேர்ந்து வந்தோம், சேர்ந்தே கொடுப்போம் என்றார்கள் மற்றவர்கள். எனக்கு இன்னும் ஒப்பவில்லை. இந்தக் கணக்கைச் சாங்கியில் விமானம் ஏறும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.