பொன்னாடை யாருக்கு? ஊர்ச் சங்கங்களுக்கான கௌரவிப்பு வழிகாட்டி

ஆண்டு விழாவுக்கு மறுநாள், பந்தல் பிரிக்கும்போதே கதை தொடங்கிவிடும். “அவருக்குப் போர்த்தினது சரி. பத்து வருசமா முன்பள்ளியைக் கூட்டிப் பெருக்கின எங்கட அக்கா ஒருத்தற்றை கண்ணிலையும் படேல்லையோ?” இந்தக் கேள்விக்கு நிர்வாகத்திடம் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை. வஞ்சகம் என்று சொல்ல முடியாது. விழாவுக்கு இரண்டு கிழமை இருக்கையில் அவசரமாகக் கூடி, நினைவுக்கு வந்த பெயர்களை எழுதியிருப்பார்கள். அப்படி நினைவுக்கு வருபவர்கள் மேடையில் தெரிந்தவர்கள், அண்மையில் உதவியவர்கள், கூட்டங்களில் முன்வரிசையில் இருப்பவர்கள்.

மானிப்பாய் போன்ற ஊரில் சனசமூக நிலையம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், விளையாட்டுக் கழகம், கோயில் தொண்டர் சபை, பழைய மாணவர் சங்கம் என ஒரே ஆள் மூன்று நான்கு இடங்களில் உழைப்பார். ஓரிடத்தில் மனம் முறிந்தால் மற்ற இடங்களிலும் அவருடைய கை தளரும். அதனால் கௌரவிப்பைச் சரியாகச் செய்யுங்கள், இல்லையென்றால் செய்யாமலே விடுங்கள். சரியாகச் செய்வதற்கு ஓர் ஒழுங்கு கீழே இருக்கிறது. விழாவுக்கு மூன்று மாதம் முன்னதாக இதைத் தொடங்க வேண்டும். முதலாவது படியை மட்டும் இன்றே தொடங்கலாம்.

1. வேலைக்கு ஒரு கொப்பி வையுங்கள்

எண்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். திகதி, வேலை, செய்தவர், எடுத்த நேரம் என்று நான்கு நிரல்கள் போடுங்கள். சிரமதானம், டெங்கு ஒழிப்பு, இரத்ததான முகாம், வாசிகசாலை திறப்பது என எது நடந்தாலும் அன்றைக்கே எழுதுங்கள்.

கவனமாக எழுத வேண்டியது கண்ணில் படாத வேலையை. சித்திரைப் புத்தாண்டன்று ஓடும் மானிப்பாய் மருதடி விநாயகர் கோயில் தேரை எடுத்துக்கொள்வோம். வீதியோரத் தண்ணீர்ப் பந்தலில் நின்று சர்க்கரைத் தண்ணீர் வார்ப்பவரை ஊரே பார்க்கிறது. விடியப்புறம் எழும்பித் தேசிக்காய் பிழிந்தவர், தண்ணீர் அள்ளிக் கொண்டுவந்து நிறைத்தவர், சனம் கலைந்த பிறகு கிடாரம் கழுவியவர், பழுதான குவளைகளைப் பொறுக்கியவர் ஆகியோரை யாரும் பார்ப்பதில்லை. இவர்களில் பலர் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும். கொப்பியில் இவர்களுடைய பெயர் இல்லையென்றால், மூன்று மாதம் கழித்துக் கூடும் எந்தக் குழுவுக்கும் இவர்கள் நினைவுக்கு வரமாட்டார்கள். கணக்கு எழுதுபவர், கடிதம் அடிப்பவர், திறப்பை வைத்திருந்து தினமும் கதவு திறப்பவர் ஆகியோரையும் சேர்த்து எழுதுங்கள்.

2. விதி முதலில், பெயர் பிறகு

எந்தச் சேவைக்குக் கௌரவிப்பு, எத்தனை பேருக்கு, எந்தக் காலத்துக்குரிய சேவை என்பதைப் பெயர் எதுவும் வாயில் வருவதற்கு முன்பே நிர்வாகக் கூட்டத்தில் தீர்மானித்துக் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் பதியுங்கள். பெயர் வந்த பிறகு விதி எழுதினால், அந்தப் பெயருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையாகவே அது அமையும்.

இரண்டு விதிகளை எல்லா அமைப்பும் ஏற்பது நல்லது. பதவியில் இருக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர் அந்தத் தவணையில் கௌரவிப்புக்குத் தகுதியற்றவர்கள். ஒருமுறை கௌரவிக்கப்பட்டவர் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு அதே பிரிவில் வர முடியாது. தீர்மானித்ததை ஒரு தாளில் அடித்து, வாசிகசாலையில் பத்திரிகை போடும் மேசைக்கு மேலே ஒட்டுங்கள். பத்திரிகை பார்க்க வருபவர் அதையும் பார்ப்பார்.

3. காசையும் உழைப்பையும் ஒரே தராசில் போடாதீர்கள்

நம்மூர்ச் சங்கங்களில் மனக்கசப்பு அதிகம் பிறப்பது இங்கேதான். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் ஊரவர்கள் அனுப்பும் பணத்தில் கட்டடம் எழும்புகிறது, கூரை மாறுகிறது. அவர்களுக்கு நன்றி சொல்வது கடமை. அதற்கென்று வேறு வழி வையுங்கள்: பணம் கிடைத்த கிழமைக்குள் பற்றுச்சீட்டு, எதற்குச் செலவானது என்று ஒரு கடிதம், வேலை முடிந்ததும் படம், ஆண்டறிக்கையில் பெயர். தொண்டர் கௌரவிப்பு உழைத்தவர்களுக்கு மட்டும். இரண்டையும் ஒரே மேடையில் ஒரே கேடயத்தால் செய்தால், அடுத்த வருடம் மண்வெட்டியோடு வருபவர் குறைவார். நன்கொடையாளர் விடுமுறைக்கு ஊருக்கு வந்து நின்று வேலை செய்திருந்தால், மற்றவர்களைப் போலவே அவருடைய பெயரும் கொப்பியில் வரட்டும்.

4. பரிந்துரையை ஊரிடம் கேளுங்கள்

ஒரு பக்கப் படிவம் தயாரித்து மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள்: இவர் என்ன செய்தார்? எவ்வளவு காலமாகச் செய்கிறார்? இவர் செய்யாதிருந்தால் எது நடந்திருக்காது? மூன்றாவது கேள்வி முக்கியம். “நல்ல மனிதர், எல்லாருக்கும் உதவுவார்” என்ற பொதுப்படையான புகழ்ச்சி அதில் எடுபடாது.

அங்கத்தவர் எவரும் பரிந்துரைக்கலாம், தன்னைத்தானே பரிந்துரைக்க முடியாது. நோபல் பரிசிலும் தன்னைத் தானே முன்மொழிய இடமில்லை. எழுதத் தயங்கும் முதியவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள ஒரு இளைஞரை நியமியுங்கள். இரண்டு கிழமை அவகாசம் கொடுங்கள்.

5. தெரிவுக் குழுவை வெளியே தேடுங்கள்

ஐந்து பேர் போதும். அவர்களில் மூன்று பேராவது நடப்பு நிர்வாகத்துக்கு வெளியே உள்ளவர்களாக இருக்க வேண்டும். இருவர் பெண்களாகவும் ஒருவர் முப்பது வயதுக்குட்பட்டவராகவும் ஒருவர் அயலூரவராகவும் இருந்தால் நல்லது. ஆனைக்கோட்டையிலோ சண்டிலிப்பாயிலோ சுதுமலையிலோ ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் இல்லாமல் போகமாட்டார்.

“ஊரே சொந்தம், யாரை விலக்குவது?” என்று கேட்பார்கள். தூரத்துச் சொந்தத்துக்கெல்லாம் விலக வேண்டாம். பெற்றோர், பிள்ளை, உடன்பிறப்பு, கணவன், மனைவி, சம்பந்தி ஆகியோரின் பெயர் வந்தால் அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போக வேண்டும், அந்தப் பெயருக்குப் புள்ளி போடக்கூடாது. அவர் வெளியே போனதையும் அறிக்கையில் பதியுங்கள். பிற்பாடு கதை எழும்போது அந்த ஒரு வரி குழுவைக் காப்பாற்றும்.

6. முதலில் புள்ளி, பிறகு பேச்சு

தொடர்ச்சி, ஏற்ற பொறுப்பு, ஊருக்குக் கிடைத்த பயன், பிறரைச் சேர்த்துக்கொண்டமை ஆகிய நான்கு அளவுகோல்களுக்கும் தலா 5 புள்ளிகள், மொத்தம் 20. ஒவ்வொரு உறுப்பினரும் தனித்தாளில் எழுதி மடித்துக் கொடுத்த பின்னரே பேச்சைத் தொடங்குங்கள். முதலில் பேசவிட்டால், வயதில் மூத்தவர் சொன்ன பெயருக்கே எல்லாத் தலையும் ஆடும்.

உதாரணத்துக்கு, ஒருவர் பெரிய இரத்ததான முகாம் ஒன்றை முன்னின்று நடத்தியவர்: தொடர்ச்சி 2, பொறுப்பு 4, பயன் 5, சேர்த்தல் 4. இன்னொருவர் ஆறு வருடம் ஒருநாள் தவறாமல் வாசிகசாலையைத் திறந்தவர்: 5, 5, 4, 1. இருவருக்கும் 15. சமமாக வந்தால் தொடர்ச்சியில் கூடியவருக்கு என்று இரண்டாம் படியிலேயே எழுதி வைத்திருந்தால் தகராறு இல்லை.

கூட்டு முயற்சியைத் தனியாளின் கணக்கில் போட வேண்டாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழில் வெளிக்கொண்டு வந்தார். அவர் பெயரில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இன்றும் நிற்கிறது. அந்த மொழிபெயர்ப்புகளில் அவரோடு உழைத்த தமிழ் மாணவர்களின் பெயர்கள் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? கிறீனுக்குக் கிடைத்த பெருமை தகும். ஆனால் குழுவாகச் செய்த வேலைக்குக் குழுவின் பெயரையே வாசிப்பதுதான் முறை.

7. கேடயம் அடிக்கும் முன் அறிவியுங்கள்

நோபல் குழு பரிந்துரைகளை ஐம்பது ஆண்டுகள் மறைத்து வைக்கிறது. நம்மூரில் ஐந்து நாள்கூட மறைக்க முடியாது. எனவே புள்ளித் தாள்களை மட்டும் பூட்டி வையுங்கள். முடிவையும் காரணத்தையும் பலகையில் போடுங்கள். “2019 முதல் வாசிகசாலையைத் தினமும் திறந்தமைக்காக” என்பதுபோல ஆளுக்கு ஒரு வரி போதும். ஏழு நாள் ஆட்சேபத்துக்கு விடுங்கள். எழுத்தில், கையொப்பத்துடன் வந்த ஆட்சேபத்தை மட்டும் எடுங்கள், மொட்டைக் கடிதத்தை எடுக்க வேண்டாம். பலகையில் போடுவதற்கு முதல்நாளே, பரிந்துரைக்கப்பட்டும் தெரிவாகாதவர்களைச் செயலாளர் நேரில் கண்டு சொல்ல வேண்டும்.

8. மேடையில் பாகுபாடு வேண்டாம்

எல்லாருக்கும் ஒரே விலைப் பொன்னாடை, ஒரே அளவுக் கேடயம். பெயர்களை அகர வரிசையில் அழையுங்கள். சான்றிதழ் அச்சுக்குப் போகும் முன் பெயரையும் முதலெழுத்தையும் உரியவரிடமே காட்டிச் சரிபாருங்கள். பிரதம விருந்தினர் உரைக்கு முன் கௌரவிப்பை வையுங்கள், இல்லாவிட்டால் இரவு ஒன்பது மணிக்கு வெறுங்கதிரைகளுக்கு முன்னால் பொன்னாடை போர்த்த நேரும். நடக்க இயலாதவர் இருந்தால் நிர்வாகம் அவர் வீட்டுக்குப் போகட்டும்.

9. முடிந்த பிறகு

யாருக்கு, எதற்கு, எப்போது என்பதை நிரந்தரப் பதிவேட்டில் எழுதி அடுத்த நிர்வாகத்திடம் ஒப்படையுங்கள். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் விதிகளை மட்டும் மீளாய்வுக்கு வையுங்கள், போன வருடத் தெரிவை மறுபடி கிளற வேண்டாம். தகுதியானவர் இல்லாத வருடத்தில் கௌரவிப்பே இல்லாமல் விழாவை நடத்தவும் துணியுங்கள்.

டிசம்பர் 5 சர்வதேசத் தொண்டர் தினம். 1985இல் ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த நாள் அது. இந்த வருட விழாவை அந்த நாளில் வைக்க விரும்பும் சங்கங்கள் செப்டெம்பர் தொடக்கத்திலேயே விதிகளைப் பலகையில் ஒட்டிவிட வேண்டும். கொப்பியை இன்றைக்கே வாங்குங்கள்.